மலைநாட்டிற் பழைய மோட்டார் வண்டிகள்: பேணலும் மாற்றமும்

ஈழநாட்டுப் புகையிரத நிலையங்களுள் உயரத்தால் முதன்மை பெற்றது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில், அம்பேவெலைக்கும் ஒகியாவுக்கும் இடையே, மூடுபனி எளிதில் விலகாத மேட்டுநிலத்தில் அந்நிலையம் அமைந்திருக்கின்றது. அதனைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் இருப்புப்பாதை தன் உச்சியை எய்திச் சுரங்கமொன்றினுட் புகுகின்றது. சுரங்கத்தின் இப்புறம் மத்திய மாகாணம், அப்புறம் ஊவா. இப்புறம் மழை பெய்ய அப்புறம் வெயில் எறிக்கும் காட்சியைப் பயணிகள் பலர் கண்டு வியந்திருப்பர். பட்டிப்பொலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பாதையின் சிறப்பையே எழுதுவர். இக்கட்டுரையோ நிலையத்தின் வெளிவாயிலில் நிற்கும் மோட்டார் வண்டிகளை முன்னிட்டு எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரோடு ஹோட்டன் சமவெளிக்குச் சென்றபோது அவ்வாயிலில் இறங்கினோம். வான்களும் முச்சக்கர வண்டிகளும் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில் மிகப் பழைய லாண்ட் றோவர் ஒன்று நின்றது. அதன் முன்மூடியைச் சாரதி திறந்தபோது உள்ளே இருந்தது ஆங்கிலேய இயந்திரமன்று; சப்பானிய டீசல் இயந்திரம். றேடியேற்றர் ஏதோ ஒரு லொறியினுடையது. கதவின் உட்புறத்தைத் தேயிலைப் பெட்டிப் பலகை மூடியிருந்தது. எம்மோடு இறங்கிய பயணிகளுள் பழைய வண்டிகளைத் திருத்திப் பேணுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட கொழும்பு அன்பர் ஒருவரும் இருந்தார். அவ்வண்டியை விலைக்குக் கேட்ட அவர், அதனைப் பழையபடி ‘ஒரிஜினல்’ ஆக்கிவிடலாம் என்றார். சாரதி சிரித்துக்கொண்டே, “நீங்க சொல்ற ஒரிஜினல் எதுங்க சார்? நான் பொறக்கறப்பவே இதுல இந்த இஞ்சின்தான் இருந்துச்சு” என்றார்.

அவ்விடை விளையாட்டாகக் கூறப்பட்டதாயினும் வரலாறு கற்போர் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பொருளின் உண்மை வடிவம் அது பிறந்த நாளின் வடிவமா, வாழ்ந்த நாளின் வடிவமா? கோயில், சிற்பம், ஏடு ஆகியவற்றைக் குறித்து அறிஞர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவை மோட்டார் வண்டியைக் குறித்தும் எழுப்புதல் தகும். மலைநாட்டிலோ இவ்வினாவுக்குத் தனிப்பொருள் உண்டு. இங்கே பழைய வண்டிகள் பிழைத்தமைக்குக் காரணம் செல்வர் பொழுதுபோக்கன்று. இல்லாமையும், அவ்வில்லாமையோடு போராடிய தொழிலாளர் கைகளுமே காரணம். அக்கைகள் செய்த மாற்றங்களைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் ‘ஒரிஜினல்’ வண்டியை ஆக்கமுடியும் என்பதே இங்குள்ள சிக்கல்.

மலைநாட்டுப் போக்குவரத்தின் முதற் காலம் மாட்டு வண்டிக் காலம். ஆளுநர் எட்வேட் பாண்ஸ் காலத்திலும் அதன் பின்னரும் தோமஸ் ஸ்கின்னர் முதலியோர் அமைத்த தெருக்களில் கோப்பி மூடைகள் இறங்கின. அரிசி மூடைகள் ஏறின. பின்பு புகையிரதம் வந்தது. கண்டியை 1867இலும், நாவலப்பிட்டியை 1874இலும், ஹட்டனை 1884இலும், நானுஓயாவை 1885இலும் எட்டிய பாதை, பட்டிப்பொல மேட்டைக் கடந்து 1893இல் அப்புத்தளையை அடைந்தது. இதற்கிடையிற் கோப்பி நோயால் அழியத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மோட்டார் வண்டி இந்நாட்டிற்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1904இலேயே இலங்கை மோட்டார்ச் சங்கம் நிறுவப்பட்டமையால் அதன் பரவல் எத்துணை விரைவானது என்பது பெறப்படும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இற் போடப்பட்டு, இறாகலை வரை நீண்ட ஒடுங்கிய இருப்புப்பாதை, லொறிகளின் போட்டிக்கு ஈடுகொடாது 1940களில் மூடப்பட்டது. புகையிரதத்தை மோட்டார் வென்ற முதற் களங்களுள் அதுவும் ஒன்று.

ஆயினும் மலை மோட்டாருக்கு எளிதில் வழிவிடவில்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. பட்டிப்பொல உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவே. இயந்திரம் உறிஞ்சும் காற்றுக் குறைந்தும் பெற்றோல் அவ்வளவிற் குறையாமையால் கலவை தடித்துப் போகும். பிளக்குகளிற் கரி படியும். வலுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கழியும். நீரும் அங்கே 100 பாகையிற் கொதிப்பதில்லை. 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். நீரை உந்தும் பம்பு இன்றி, வெந்நீர் மேலெழத் தண்ணீர் கீழிறங்கும் இயல்பொன்றையே நம்பியிருந்த ஒஸ்ரின் செவன் போன்ற சிறு வண்டிகள் றம்பொடை ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றால் அதில் வியப்பில்லை. போட் ‘டி’ மாதிரி வண்டியில் எரிபொருள் தன் பாரத்தாலேயே இயந்திரத்துக்கு வடிந்து வரவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் முன்புறம் உயர்ந்துவிட்டால் வடிதல் நிற்கும். ஆகவே அவ்வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி மலையேற்றினர் என்பது உலகறிந்த செய்தி. ஐக்கிய அமெரிக்காவிற் சமவெளிக்கென உருவாக்கிய வண்டியும், இங்கிலாந்தின் சிறு குன்றுகளுக்கென உருவாக்கிய வண்டியும் இம்மலையில் மாற்றமின்றி ஓடா. காபரேற்றரின் ஊசியை மாற்றுவதும், விசிறிக்கு மேலும் ஓர் அலகு பொருத்துவதும், தடுப்புகளுக்குத் தடித்த பட்டை வைப்பதும் இங்கு வண்டி வந்து சேர்ந்த நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மாற்றம் பிற்காலத்துக் களங்கம் என்னும் எண்ணம் மலைநாட்டுக்குப் பொருந்தாது.

இம்மாற்றங்களைச் செய்தோர் யார்? வண்டி துரையினுடையது. பழுது பார்த்தவனோ தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டர். ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலையில் உருளைகளும், உலர்த்திகளும், அவற்றை இயக்கும் எண்ணெய் இயந்திரங்களும் இருந்தன. பெல்பாஸ்ட் நகரிலிருந்து வந்த டேவிட்சனின் ‘சிறோக்கோ’ உலர்த்தி பழுதுற்றால் பெல்பாஸ்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க இயலாது. பறித்த கொழுந்து அன்றிரவே பதப்படல் வேண்டும். ஆதலாற் கடைசற் பொறியும், உலைக்களமும், தட்டும் கல்லும், அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் மலையிலேயே இருக்கவேண்டியதாயிற்று. பிரவுண் கம்பனி 1875இல் ஹட்டன் நகரிலே தொடங்கப்பட்டமையும், வோக்கர் கம்பனி 1854இற் கண்டியிலே தொடங்கப்பட்டமையும் தோட்ட இயந்திரங்களின் தேவையால் விளைந்தனவே. தேயிலை இயந்திரத்தால் உண்டான இத்திறமை பின்பு மோட்டார் வண்டியைக் காத்தது. இதனை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. தோட்டத் தொழிலாளரைக் கொழுந்து பறிப்போராகவும் கவ்வாத்து வெட்டுவோராகவும் மட்டுமே காட்டும் நூல்கள் அவருள் இரும்பறிந்தோர் இருந்தமையை மறந்துவிடுகின்றன.

இத்தொழில் வல்லாரை மலைநாட்டில் ‘பாஸ்’ என்பர். ஒல்லாந்தர் மொழியில் தலைவன் எனப் பொருள்பட்ட அச்சொல், சிங்களத்திற் புகுந்து கைவினைஞனைக் குறித்து, மலைநாட்டுத் தமிழிலும் வழங்கலாயிற்று. அமெரிக்கா சென்று ‘போஸ்’ என மேலதிகாரியைக் குறிப்பதும் அதே சொல்லே. ஓரிடத்தில் ஏவுபவனையும் மற்றோரிடத்திற் செய்பவனையும் ஒரே சொல் குறிப்பது மொழி நூலார்க்கு விருந்தாகும். நகரத்துக் கராஜ்களிற் சிங்களப் பாஸும் தமிழ்ப் பாஸும் ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றனர். இத்துறையில் இனவேற்றுமை கற்றலுக்குத் தடையாகவில்லை. எனினும் 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அத்தகைய கராஜ்களும் தீக்கிரையாயின என்பதை மறைத்தல் முறையன்று.

பொழுதுபோக்காக வண்டியை மாற்றியமைக்கும் வழக்கமும் மலைநாட்டிற் பழையதே. நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தோட்டத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934இல் மலையேற்றப் போட்டி தொடங்கியது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஏறக் காலம் கணிக்கப்படும். இங்கிலாந்திற் பழைய பந்தய வண்டிகளைப் பேணுவோர் தமக்கொரு கழகம் அமைத்ததும் அதே 1934இலேயாம். மஹகஸ்தோட்டையில் வெல்ல விரும்பியோர் வண்டியின் பாரத்தைக் குறைத்தனர், சுருக்கவிகிதத்தைக் கூட்டினர், பற்சக்கரங்களை மாற்றினர். கோப்பை துரைமாருக்குக் கிடைத்தது. முதல்நாள் இரவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியவர்களின் பெயர் பரிசுப் பட்டியலில் இடம்பெறும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை.

ஒரு வண்டி யாருடையது என்பதே அதன் வாழ்வைத் தீர்மானித்துவிடுவதுமுண்டு. 1940இல் இளங் கடற்படை வீரராகக் கொழும்பில் இருந்த பிலிப் இளவரசர் 12 பவுணுக்கு வாங்கிய 1935ஆம் ஆண்டு ஸ்ராண்டட் நைன் வண்டி இன்றும் காலிமுகத் திடல் ஓட்டலிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. அவர் பின்னர் எலிசபெத் அரசியாரின் கணவரானமையால் அவ்வண்டிக்கு அழியாவாழ்வு கிட்டியது. அதனோடு பிறந்த பிற ஸ்ராண்டட் வண்டிகளிற் பெரும்பாலானவை இரும்புக் கடைக்கே சென்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலைநாட்டை நிரப்பியவை இரு வண்டிகள். இரண்டும் 1948இற் பிறந்தவை. அலெக் இசிகோனிஸ் வகுத்த மொரிஸ் மைனர் ஒன்று. லாண்ட் றோவர் மற்றொன்று. மைனரின் இயந்திரம் முதலில் 918 கன சென்ரிமீற்றர். 1952 முதல் 803. 1956 முதல் 948. 1962 முதல் 1,098. தொழிற்சாலையே மூன்று முறை மாற்றிய வண்டியில் எந்த இயந்திரம் ‘ஒரிஜினல்’ என்று கேட்பாரும் உளர். போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் லாண்ட் றோவரின் உடலை அலுமினியக் கலவையால் ஆக்கினர். அத்தட்டுப்பாடு மலைநாட்டுக்கு வாய்ப்பாயிற்று. ஓயாத மூடுபனியில் அதன் உடல் துருப்பிடிக்கவில்லை. அடிச்சட்டம் உருக்காதலின் அது மட்டும் துருவேறும். அதனை வெட்டி ஒட்டிக் காலங்கழித்தனர். இங்கிலாந்தின் குளிர்காலத் தெருக்களிற் பனியுருக்க உப்பிடுவர். அவ்வுப்பு அங்குள்ள வண்டிகளை அரித்துத் தின்றது. எங்கள் மலையில் உப்பிடும் வழக்கம் இல்லை. பழைய ஆங்கில வண்டிகள் தாய்நாட்டிலும் பார்க்க இங்கே நெடுநாள் வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்து வண்டிகளின் இலக்கத்தகடும் ஒரு வரலாற்றுச் சான்றே. முதலில் ஒற்றை ஆங்கில எழுத்து. பின்னர் நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த சி.ஈ., சி.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற இரட்டை எழுத்துகள். 1957 தை மாதம் முதற் சிங்கள ‘ஸ்ரீ’. அவ்வெழுத்தை எதிர்த்து 1957ஆம், 1958ஆம் ஆண்டுகளில் நடந்த கிளர்ச்சியை நம் மூத்தோர் நன்கறிவர். ஈ.என். என்னும் எழுத்துடைய மைனர் ஒன்றைக் காண்போர், அது அப்போராட்டத்துக்கு முன்னரே பதிவான வண்டி எனத் துணியலாம். புதிய தகடு அடித்து மாட்டுவோர் இச்சான்றைத் தம்மையறியாது அழிக்கின்றனர்.

இனி இல்லாமையின் காலத்தைக் காண்போம். அந்நியச் செலாவணி வற்றியமையால் 1961 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. தனியார் மோட்டார் வண்டி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1977இற் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, பதினாறு ஆண்டுக் காலம், நாட்டில் இருந்த வண்டிகளே நாட்டின் வண்டிகள். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பேஜோ, வொக்ஸ்வாகன் ஆகியவை பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வந்தன. உதிரிப் பாகம் கிடைப்பதரிது. கிடைப்பினும் விலை எட்டாது. தேய்ந்த அச்சை உலோகம் உருக்கி நிரப்பிக் கடைந்தனர். மாட்டுத் தோலிலும் தடித்த கடதாசியிலும் அடைப்பு வெட்டினர். ஒரு வண்டியின் கதவு இன்னொன்றுக்கும், லொறியின் வில்லுத்தகடு சிற்றுந்துக்கும் போயின. தகடு தட்டும் ‘டிங்கர்’ தொழில் ஒரு கலையாகவே வளர்ந்தது. மரக்குற்றியில் இட்டு மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மட்காப்பு முழுவதையும் ஆக்கினர். அச்சுப்பொறியில் ஒரே அழுத்தில் வந்த ஆங்கில மட்காப்பையும் கையால் தட்டிய மட்காப்பையும் உட்புறத்தைத் தடவியே வேறுபடுத்தி அறியலாம். கைவேலையில் மெல்லிய சுத்தியற் குழிகள் இருக்கும்.

இதே காலத்தில் அக்கைகளையே நாடு இழந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரை, 1964 ஐப்பசியிற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்குப் பங்கிட்டது; 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என எண்ணிக்கை வகுக்கப்பட்டது. சென்றோருள் தொழிற்சாலை வேலை அறிந்தாரும் இருந்தனர். நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டங்களுக்குப் பலர் சேர்ந்தனர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகவே வெள்ளைத் துரைமாரும் கப்பலேறினர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் கைமாறிக் கைமாறி, மரக்கறி ஏற்றுவோரிடமும், வாடகைக்கு ஓட்டுவோரிடமும் வந்தன. கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் விளையும் பட்டிப்பொலைப் பகுதியில் லாண்ட் றோவர் மூடைவண்டியானது இவ்வாறே என எண்ணுகின்றேன்.

இல்லாமையிலிருந்து பிறந்த நுட்பம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. வடபுலத்து வாசகர் தம் அனுபவத்தை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1990 முதல் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைப்பது அரிதானபோது, ஒஸ்ரின் ஏ-40 வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை வைத்துச் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது கண்கட்டு வித்தையன்று. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அழுத்தம் மிகுந்த இயந்திரத்திலோ அது உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். ஏ-40இன் சுருக்கவிகிதம் ஏறக்குறைய 7க்கு 1 என்னும் தாழ்ந்த அளவினது. அதனால் அது தாங்கிக்கொண்டது. புதிய வண்டிகள் கொட்டிலில் உறங்க, நாற்பதாண்டுக் கிழவண்டிகள் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. வங்காளத்து டார்ஜிலிங் மலையிலும் இதனையொத்த காட்சி உண்டு. மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 1950களின் லாண்ட் றோவர்களே நெடுங்காலம் பயணிகளை ஏற்றின. அவற்றிற் பலவற்றுள் இந்திய மகிந்திரா டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. தேயிலை விளையும் இரு மலைகளிலும் ஒரே முறை தோன்றியது கருதத்தக்கது.

1977க்குப் பின்னர் சப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றோடு பழைய சப்பானிய இயந்திரங்களும் வந்திறங்கின. டீசல் பெற்றோலிலும் மலிவு. ஆகவே லாண்ட் றோவரின் பெற்றோல் இயந்திரத்தை இறக்கிவிட்டு டீசல் இயந்திரம் ஏற்றுவது பெருவழக்காயிற்று. இயந்திரத்துக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் இடையே பொருந்தாத முகத்தைப் பொருத்த, தடித்த உருக்குத் தகட்டில் வளையமொன்று கடைய வேண்டும்; அதன் மையம் மயிரிழை பிசகினும் உருளை தேய்ந்து உடையும். வரைபடமின்றி, அளவுக்கோலும் கடதாசி வெட்டும் கொண்டு, இதனைச் செய்து முடித்தோரின் திறமை பொறியியற் பட்டதாரிகளும் மதிக்கத்தக்கது. நான் மேலே கூறிய சாரதி பிறந்தபோது இருந்த இயந்திரம் இவ்வாறு வந்ததேயாகும்.

பழைய வண்டி செல்வாக்குப் பெற்ற பொழுதுபோக்காக நம்நாட்டில் வளர்ந்தது இதற்குப் பின்னரே. புதிய வண்டி தெருவெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பழைய வண்டிக்கு அழகு வந்தது. கழகங்கள் தோன்றின, அணிவகுப்புகள் நுவரெலியாவை நோக்கிச் சென்றன. வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்தியவரும், வண்டியை எறியாது நெடுங்காலம் பேணுவதே சிக்கனம் என 1982இல் நூல் எழுதியவருமான சாள்ஸ் வெயர், 1990களில் இலங்கையைச் சேர்ந்த தனபால சமரசேகரவோடு கூடி, மைனர் வண்டிக்குரிய உறுப்புகளை இங்கேயே செய்விக்க முற்பட்டார். ஆங்கில வண்டியின் உறுப்பு இலங்கையில் உருவாகி ஆங்கில நாட்டுக்குச் செல்லலாயிற்று. பதினாறு ஆண்டுத் தட்டுப்பாடு கற்பித்த கல்வி ஏற்றுமதிப் பொருளாயிற்று என்பது மிகையன்று.

இவ்விடத்தில் முன்னர் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். 1966இல் அமைந்த ‘பீவா’ என்னும் அனைத்துலகப் பழைய வண்டிக் கூட்டவையின் வரைவிலக்கணப்படி, வரலாற்று வண்டி முப்பதாண்டு கடந்ததாயும், வரலாற்றுக்கேற்ற நிலையிற் பேணப்பட்டதாயும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாயும் இருத்தல் வேண்டும். இவ்வளவுகோலால் அளந்தால், மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து ஏ-40உம் மரக்கறி ஏற்றிய பட்டிப்பொலை லாண்ட் றோவரும் தாம் மிகுதியாக வரலாறு படைத்த காலத்திலேயே வரலாற்று வண்டிகளாகா. ஓய்ந்து நின்ற பின்னரே ஆகலாம். அப்பொழுதும் தம் மாற்றங்களைக் களைந்தே ஆகலாம் எனப் பலர் பொருள்கொள்கின்றனர். அவ்வாறு பொருள்கொள்ளுதல் கட்டாயமன்று. நினைவுச் சின்னங்களைப் பேணுதற்கு 1964இல் வெனிசு நகரில் வகுத்த பட்டயம், ஒரு கட்டடத்தில் வெவ்வேறு காலங்களிற் சேர்ந்த தகுதியான பகுதிகள் யாவும் மதிக்கப்படல் வேண்டும் என்கின்றது. அதனைத் தழுவியே 2012இல் ‘பீவா’வும் தூரின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது.

தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஜீர்ணோத்தாரணம் என்னும் திருப்பணி நம் கோயில்களில் இடையறாது நிகழ்வது. பழுதுற்றதை அகற்றிப் புதியது வைத்தலை ஆகமம் விலக்கவில்லை. ஆயின் அகற்றுமுன் செய்யவேண்டியது யாது என்பதற்குச் சோழநாட்டிலே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. பத்தாம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவற் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரிலே பொறிப்பித்தார். பழைய கோயில் மறைந்தது. அதன் செய்தி மறையவில்லை. அண்மைக்காலத்தில் மணல்வீச்சால் தூண்களைத் தூய்மை செய்து எழுத்துகளைத் தேய்த்த திருப்பணிகளும் உண்டு. பழைய வண்டியைப் புதுக்குவோர் இவ்விரு வழிகளில் எதனைப் பின்பற்றுகின்றனர் என்பதே கேள்வி. வண்ணம் சுரண்டுமுன் அடியடுக்குகளைப் படம் எடுத்தல், கைவேலைத் தகட்டை எறியாது வைத்தல், கடைந்த வளையத்தை அளந்து எழுதுதல், யார் செய்தார் எனச் சாரதிமாரைக் கேட்டல் ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

மறுப்பும் உண்டு, அதனை ஒதுக்கலாகாது. எல்லா மாற்றமும் போற்றத்தக்கதன்று. இடப்பற்றினாலும் வறுமையினாலும் செய்த சில ஒட்டுவேலைகள் உயிருக்கு ஆபத்தானவை. தடுப்புக் குழாயைச் சூட்டினால் ஒட்டிவைத்ததையும், திசைதிருப்பியின் மூட்டைக் கம்பியாற் கட்டியதையும் நானே கண்டுள்ளேன். பட்டிப்பொலையிலிருந்து சமவெளிக்கு ஏறும் பாதையில் அவற்றைப் பேணுக என்று கூறுவோன் அறிவிலியாவான். உலகிற் சிலவே எஞ்சிய அரிய வண்டியைப் பிறந்தவாறே ஆக்குதலிலும் பயனுண்டு. பிற்காலத்தோர் அதனைக் கண்டு கற்க வேண்டும். ஆனால் மொரிஸ் மைனர் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. அவற்றுள் தொழிற்சாலைத் தூய்மையுடன் பேணப்படுவன இங்கிலாந்திலே ஏராளம். சுத்தியற் குழி படிந்த மட்காப்புடன், டீசல் இயந்திரத்துடன், தேயிலைப் பெட்டிப் பலகையுடன் கூடியது எங்கள் மலையிலேயே உண்டு. எது அரிது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

காலமும் அவசரப்படுத்துகின்றது. 2020 பங்குனியில் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 மாசியிலேயே வழி திறந்தது. அவ்வைந்தாண்டில் பழைய வண்டியின் விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசை நின்றனர். பலர் வண்டியை விற்றனர். வாங்கியோர் நல்ல உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை இரும்புக்குக் கொடுத்தனர். பாஸ்மார் முதுமையடைகின்றனர், அவர்தம் மக்கள் கணினிவழிப் பழுதறியும் கருவியோடு தொழில் கற்கின்றனர். அரசாங்க ஏட்டில் இச்செய்தி இல்லையா எனின், அரைகுறையாகவே உண்டு. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். இயந்திர இலக்கம் மாறினால் அதுவும் எழுதப்படும். மாற்றியவர் பெயரை எழுத அதிற் கட்டமில்லை.

அன்று நாங்கள் அந்த லாண்ட் றோவரிலேயே சமவெளிக்குச் சென்று மீண்டோம். கொழும்பு அன்பரும் எங்களோடு வந்தார். விலைபேச்சை மீண்டும் எடுக்கவில்லை. நிலையத்தில் இறங்கியபின் மாணவன் ஒருவன் வண்டியின் அடியிற் குனிந்து பார்த்து எங்களை அழைத்தான். வெட்டி ஒட்டிய அடிச்சட்டத்தின் பக்கத்திலே, தொழிற்சாலையிற் பயன்படும் எழுத்துளியால் ‘க. மு.’ என இரு தமிழெழுத்துகளும், அவற்றின் கீழ் ‘1969’ என்னும் எண்ணும் குத்தப்பட்டிருந்தன. துணியால் துடைத்து ஒவ்வொருவராகப் பார்த்தோம். அவ்வெழுத்துகள் யாரைக் குறிப்பன என்று சாரதியைக் கேட்டேன். தம் தகப்பனார் அவ்வண்டியை வாங்கியபோதே அவை இருந்தன என்றும், அத்தோட்டத்தில் அந்நாளில் வேலை செய்த பெரும்பாலோர் இந்தியாவுக்குப் போய்விட்டனர் என்றும் அவர் கூறினார். கொழும்பு அன்பர் தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவ்வெழுத்துகளை எழுதிக்கொண்டார்.